பாய் லாட்ஜில் கதவடைத்த நாள்

மதுரை ஸ்டேஷனில் ரயில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் பாதையை வெள்ளம் அரித்துவிட்டதாம். எப்போது விடுவீர்கள் என்று மாமா கேட்டார். மழை நிற்கட்டும் என்றார்கள். நிற்கிற மழையாகத் தெரியவில்லை. காலையில் உசிலம்பட்டியில் பஸ் ஏறும்போது தூறலாக இருந்தது, காளவாசல் தாண்டும்போது முன் கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல் டிரைவர் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினார்.

மாமா என்று நான் எழுதுவது என் மாமனாரை. என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் மில் வேலையில் இருந்தார். அங்கே ஒரு அறை பிடித்துவிட்டதாகவும், என்னைக் கொண்டுவந்து விடும்படியும் ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்காகத்தான் கிளம்பினோம். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். அரிசிக்கு வரிசையில் நிற்க வேண்டும். ரயிலில் பட்டாளத்துக்காரர்கள் ஏறியது போக மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு இடம்.

எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த நாலு வருஷத்தில் மாமாவும் நானும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனாரிடம் பேசக் கூடாது, அவ்வளவுதான். மாமியார் எனக்கு முன்பே காலமாகிவிட்டதால் வீட்டில் நடுவில் நின்று பேச ஆளில்லை. அதனால் மாமா சுவரைப் பார்த்துச் சொல்வார். "கஞ்சி இருந்தா குடிக்கலாம்" என்று சுவரிடம் சொன்னால் நான் கலயத்தை வைத்துவிட்டு ஒதுங்குவேன். தீர்ந்துவிட்டது என்றால் சட்டியைக் கவிழ்த்து வைப்பேன், அவருக்குப் புரிந்துவிடும். இயல்பிலேயே நான் வாய் பேசக் கூசுகிறவள். ஆகையால் அந்த ஏற்பாடு எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

ஆனால் அந்தப் பயணத்தில் சுவரிடம் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருந்தது. எனக்கு நாள் தள்ளி மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. என் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை.

அதற்கு முன் இரண்டு தடவை தரித்து, இரண்டு தடவையும் தங்காமல் போயிருந்தது. முதல் தடவை சந்தோஷத்தில் அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். இரண்டாவது தடவை களையெடுப்பில் கூட வந்த பெண்களிடம் நானே சொன்னேன். இரண்டு முறையும் சொல்லி ஒரு மாதம் தாண்டவில்லை. கண்ணுதான் பட்டது என்று அம்மா முடிவு கட்டினாள். "இந்தத் தடவை அஞ்சு மாசம் வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியப்படாது. புருசன்கிட்டயும் நீயாச் சொல்லாத. அவன் மில்லுல நாலு பேருகிட்டச் சொல்லுவான்" என்று என் தலையில் கைவைத்துச் சொல்லி அனுப்பினாள். நான் எட்டாவது வரை படித்தவள்தான். அந்தப் படிப்பு அம்மாவின் பேச்சை எதிர்த்து என் உள்ளே ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளிடம் எந்தப் படிப்பும் பேசாது என்று இப்போது நினைக்கிறேன்.

ஸ்டேஷனிலிருந்து நனைந்துகொண்டே நடந்தோம். நாங்கள் அன்று நிலமில்லாதவர்கள், அடுத்தவர் காட்டில் கூலிக்கு வேலை செய்கிறவர்கள். எந்த இடத்தில் எங்களை உள்ளே விடுவார்கள், எந்த இடத்தில் வாசலோடு நிறுத்துவார்கள் என்று மாமாவுக்குத் தெரியும். நாலைந்து போர்டுகளை ஏறிட்டும் பார்க்காமல் தாண்டி, ஒரு சந்துக்குள் இருந்த பாய் லாட்ஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாய் எந்த ஊர் என்று கேட்டார். என்ன ஆளு என்று கேட்கவில்லை.

லாட்ஜ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் ஒரு நீளக் கூடம், ஆண்கள் பாய் விரித்துப் படுப்பார்கள். பின்னால் அடுப்படி, அதை ஒட்டிப் பாய் குடும்பத்துக்கு ஒரு அறை. கொல்லையில் கிணறு, தென்னந்தட்டி மறைத்த கழுவுமிடம், மூலையில் கக்கூஸ். பெண்பிள்ளை கூடத்தில் படுக்க வேண்டாம் என்று பாய் வீட்டம்மா என்னைத் தன் அறையிலேயே படுக்கச் சொன்னார். நாற்பது வயசு இருக்கும் அவருக்கு. பிள்ளைகள் இல்லை. பேச்சு நிற்காது.

கூடத்தில் எங்களுக்கு முன்பே மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் மாட்டுத் தரகர்கள், மச்சான் மாப்பிள்ளை முறை, எங்கள் உசிலம்பட்டிச் சந்தைக்கு வருகிறவர்கள்தான். மூன்றாவது ஆள் ஒரு கோர்ட் குமாஸ்தா. வேட்டி சட்டையெல்லாம் வெள்ளையாக, கையில் தன் சொந்தக் கூஜா. வெள்ளத்தால் ஊரில் தங்குகிற இடமெல்லாம் நிரம்பிவிட்டதால் வேறு வழியில்லாமல் இங்கே வந்தவர். அதை அவர் எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டார். பாய் வீட்டில் சாப்பிட மாட்டார். வாழைப்பழமும் வெளியில் வாங்கிய பாலும்தான்.

அந்தச் சமயம் ஊருக்குள் வாந்திபேதி பரவியிருந்தது. கிணறுகளில் ஊதா மருந்து கலக்கிக்கொண்டிருந்தார்கள். வியாதியின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். 'அது' என்பார்கள். அது வந்தவர்களை ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் இருந்த தகரக் கொட்டகைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவர் திரும்ப மாட்டார் என்று பேச்சு. உண்மையா என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர்கள் அதைப் பற்றி வெளியே பேசியிருக்க மாட்டார்கள் அல்லவா.

மறுநாள் காலை எழுந்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. தட்டிக்குப் பின்னால் போய் எடுத்தேன். அடுப்புச் சாம்பல் அள்ளிப் போட்டு மூடினேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

பல் தேய்க்க வந்த குமாஸ்தா சாம்பலைப் பார்த்திருக்கிறார். குச்சியால் கிளறியும் பார்த்திருக்கிறார். அடுப்படிக்குள் நின்ற எனக்கே கேட்கும்படி கூடத்தில் பேசினார்.

"பாய், இங்க யாருக்கோ அது வந்திருக்கு. எடுத்துட்டுச் சாம்பலைப் போட்டு மூடியிருக்கான். நான் இப்பவே போய் சுகாதார இன்ஸ்பெக்டருக்குச் சொல்லப் போறேன்."

பாய் ஓடிப் போய் வாசல் கதவைச் சாத்தினார். குறுக்குக் கட்டையையும் போட்டார். "அண்ணே, கொஞ்சம் பொறுங்க. சொன்னா லாட்ஜைப் பூட்டிருவாங்க. உங்களையும் சேத்துத்தான் உள்ள வச்சுப் பூட்டுவாங்க. வெளிய விட மாட்டாங்க."

குமாஸ்தா அதை யோசித்திருக்கவில்லை. பிறகு, "அப்ப யாருன்னு கண்டுபிடிங்க. அந்த ஆளை மட்டும் அனுப்பிடலாம்" என்றார்.

தரகரில் மூத்தவர் சிரித்தார். "எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? மாட்டுக்குன்னா வாலைத் தூக்கிப் பாப்போம்."

"சோறு போட்டாத் தெரியும்" என்றார் பாய். "அது வந்தவனுக்குச் சோறு இறங்காது. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பொறுங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். எவன் இலையில சோறு நிக்கிதோ அவனை நானே வண்டி வச்சு அனுப்புறேன்."

இப்படி முடிவாயிற்று. கதவு சாத்தியே கிடந்தது. மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் ஒருவருக்கொருவர் வெற்றிலை மாற்றிக்கொண்டவர்கள் இப்போது ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். யார் எழுந்து கொல்லைக்குப் போகிறார்கள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அதனால் ஒருவரும் போகவில்லை.

"மாப்ள, எனக்கு வருதுடா. போனா நாந்தான்னு சொல்லிருவாய்ங்க. நீயும் கூட வா."

"ரெண்டு பேரும் போனா ரெண்டு பேருக்கும்னு சொல்லிருவாய்ங்க மச்சான். அடக்கிக்க."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். யாரும் சிரிக்கவில்லை.

மாமாவால் மட்டும் அடக்க முடியவில்லை, வயசாகிவிட்டதால் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும். அவர் எழுந்து போகும்போதெல்லாம் குமாஸ்தாவின் கண் கூடவே போனது. "அந்தப் பெரியவர் யாரு? எந்த ஊரு, என்ன ஆளுங்க?" என்று பாயிடம் கேட்டார். பாய், "என் லாட்ஜுல தங்குற ஆளு" என்று மட்டும் சொன்னார். கதவிடுக்கில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாந்தி என்னுடையது என்று தெரிந்தால் என்னை அந்தக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே நிஜமாகவே வியாதி வந்தவர்களோடு போடுவார்கள். என் வயிற்றில் இருப்பது அதோடு போயிற்று. எனக்கு வியாதியில்லை, பிள்ளை உண்டாகியிருக்கிறேன் என்று சொன்னால், அம்மா சொன்னபடி, அதுவும் போயிற்று. எந்தப் பக்கம் போனாலும் ஒரே இடத்தில் வந்து நின்றேன்.

ஒரு தடவை அடுப்படி வாசலுக்கு வந்து மாமா நிலைக்கட்டையைப் பார்த்துச் சொன்னார். "உடம்புக்கு ஏதும்னா சொல்லலாம்."

காலையில் நான் எடுத்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கவிழ்த்து வைக்கச் சட்டி எதுவும் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலையை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, திரும்பிக் கூடத்துக்குப் போய்விட்டார்.

மத்தியானம் இலை போட்டார்கள். பாய் வீட்டம்மா அன்றைக்கென்று கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். மழை நாளில் கிடைத்தது அதுதான். அந்த வாசனை அடுப்படியை நிறைத்து, என் தொண்டை வரைக்கும் நிறைந்து நின்றது. கூடத்தில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஒருவர் இலை ஒருவருக்குத் தெரியும்படி. நானும் அடுப்படி வாசலுக்கு நேராக உட்கார வேண்டும் என்று குமாஸ்தா சொல்லிவிட்டார்.

"நீங்க சாப்பிடலையே சாமி. உங்களை எப்பிடி நம்புறது?" என்று இளைய தரகர் அவரைக் கேட்டார்.

"நான் பழம் சாப்பிடறேன்."

"பழம் வழுக்கிட்டு உள்ள போயிரும். எண்ணிக் கொடுங்க பாய், ஆறு பழம். நாங்களும் பாக்குறோம்."

குமாஸ்தா முகம் சிவந்து பழத்தை உரித்தார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் எல்லாருடைய வாயையும் பார்த்தார்கள். இப்படி ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. சோற்றைப் பிசையும் சத்தமும் மழைச் சத்தமும்தான். மாமா பெரிய உருண்டைகளாகப் பிடித்து, அவசரமே இல்லாமல், வழித்துச் சாப்பிட்டார். அப்படிச் சாப்பிட்டு நான் அவரைப் பார்த்ததில்லை.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்கினேன். பாதி இலை வரை போனது. நெற்றியில் வேர்த்து வழிந்தது. பாய் வீட்டம்மா பரிமாறுகிற சாக்கில் எனக்கும் கூடத்துக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். என் இலையிலிருந்த மிச்சச் சோற்றைக் கையால் அள்ளித் தன் முந்தானைக்குள் போட்டுக்கொண்டார். ஊறுகாய் ஜாடியிலிருந்து ஒரு எலுமிச்சைத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். நான் அதை வாயில் போட்டுக்கொண்ட வேகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எத்தனாவது மாசம்மா?"

நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"சரி ஆத்தா. நான் கேக்கலை, நீ சொல்லலை."

இலை எடுத்துவிட்டுக் கை கழுவப் போனேன். மாமாவும் அப்போதுதான் கொல்லையில் கை கழுவிக்கொண்டு நின்றார். தட்டிக்குப் பின்னால் போனதுதான் தெரியும். அதுவரை அடக்கியது எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. சத்தத்தையும் அடக்க முடியவில்லை.

கூடத்திலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. குமாஸ்தா முன்னால் ஓடி வந்தார், பின்னால் பாயும் தரகர்களும். அவர்கள் கொல்லைக்குள் வருவதற்குள் மாமா தட்டியை ஒட்டி வந்து நின்றார். சுவரில் கை ஊன்றிக் குனிந்தார். காறித் துப்பினார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"நாந்தான்" என்றார். "காலையிலயும் நாந்தான். கண்டுபிடிச்சிட்டீகள்ல, வண்டியக் கூப்பிடுங்க."

தட்டிக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர்கள் எல்லாரும் நாலடி பின்வாங்கியது தட்டி இடுக்கில் தெரிந்தது. "சொன்னேன்ல" என்று குமாஸ்தா சொன்னார். பாய்க்கு முகம் சுண்டிவிட்டது. அவர் மறிக்கவில்லை. குமாஸ்தா கதவுக் கட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வெளியே போனார்.

மாமாவைக் கூடத்து வாசலில் தனியாக உட்கார வைத்தார்கள். அவர் மூட்டையைப் பிரித்து, தன் வேட்டி துண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை எனக்கென்று திரும்பக் கட்டினார். நான் கதவுக்குப் பின்னால் இருப்பது தெரிந்து, தூணைப் பார்த்துச் சொன்னார்.

"ரயில் விட்டதும் பாய் ஏத்தி விடுவாரு. ஸ்டேசனுக்கு அவன் வருவான். கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடிச்சுக்கிட்டே இருந்தா சரியாப் போயிரும். அந்தக் கொட்டகைக்குப் பொம்பளப் பிள்ளை போகப்படாது. எனக்கு என்ன, அம்புட்டும் பாத்தாச்சு."

எனக்கு வியாதி வந்துவிட்டது என்று அவர் நம்பியிருக்கிறார். பேசக் கூடாத முறை என்பதால் அவரால் கேட்க முடியவில்லை, என்னால் சொல்ல முடியவில்லை. நடுவில் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்திருந்தால் இரண்டு வார்த்தையில் தீர்ந்திருக்கும். அது இல்லாமல் ஒரு மனுஷன் சாவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

பாய் வீட்டம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "நீ சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டா?"

"ரெண்டு போயிருச்சுக்கா" என்றேன். "சொன்னதாலதான் போச்சு."

அவர் பிடித்த கையை விடாமல் நின்றார். "எனக்கு ஒண்ணுகூடத் தரிக்கலை. நான் எந்த வாயால உனக்குச் சொல்லுவேன்" என்றார். "ஆனா அந்த மனுசன் போயிருவாரு. அதையும் யோசி."

யோசித்தேன் என்று சொல்ல முடியாது. அடுப்படிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு வயிற்றில் கைவைத்து நின்றேன். அங்கே தொட்டால் தெரிகிற மாதிரி அப்போது ஒன்றுமே இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவரோ கண்ணுக்குத் தெரிந்தார். நனைந்த துண்டைப் பிழிந்து உதறி, கொண்டுபோவதற்காக மடித்துக்கொண்டிருந்தார்.

வண்டி வந்தது. மாட்டு வண்டி, மேலே தார்ப்பாய். இன்ஸ்பெக்டர் இறங்கினார், காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை சேறு. மாமா அவர் கேட்பதற்கு முன்பே எழுந்து வண்டியை நோக்கி நடந்தார். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.

நான் எப்போது வாசலுக்கு வந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை ஆண்கள் நின்ற இடத்தில், தலையில் முக்காடுகூட இல்லாமல், வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாமா, இறங்குங்க" என்றேன். "வாந்தி எடுத்தது நான். எனக்கு மூணு மாசம்."

அவர் திரும்பிப் பார்த்தார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். படியில் வைத்த காலை எடுக்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

"தப்பிக்கிறதுக்குச் சொல்ற கதை" என்றார் குமாஸ்தா. "அந்த ஆளே ஒத்துக்கிட்டான்."

"கதையா?" பாய் வீட்டம்மா பின்னாலேயே வந்திருந்தார். "நீங்க பெத்திருக்கீங்களா? உங்க வீட்டுல பெத்தாங்கள்ல, அவங்ககிட்டப் போய்க் கேளுங்க, மூணாம் மாசம் கருவாடு மணந்தா என்ன வரும்னு. சாப்பாட்டுல இருந்து நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

இன்ஸ்பெக்டர் களைத்துப்போன மனிதர். யார் சொல்வதையும் முழுதாகக் கேட்கவில்லை. மாமாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். கை மேல் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். ஒரு செம்புத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, தங்குகிறதா என்று காத்திருந்தார். தங்கியது. "எத்தனை தடவை வெளிக்குப் போனீங்க?" என்று கேட்டார். "நேத்து ஊர்ல போனதுதான். இங்க எங்க போக விட்டாங்க" என்றார் மாமா. இன்ஸ்பெக்டர் என்னையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குமாஸ்தாவிடம், "நிஜமா எடுத்துக் கிடக்கிறவனை விட்டுட்டு இங்க வந்திருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிணற்றில் மருந்து கலக்கச் சொல்லி, வண்டியில் ஏறிப் போய்விட்டார். அந்த லாட்ஜில் அன்று யாருக்கும் எந்த வியாதியும் இல்லை.

நான் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்தேன். மாமா பிழைத்தார் என்ற எண்ணம் வரவில்லை. எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணம்தான் வந்தது. பாய், தரகர்கள், குமாஸ்தா, இன்ஸ்பெக்டர், வண்டிக்காரன், சந்தில் குடை பிடித்து நின்று வேடிக்கை பார்த்த யார் யாரோ. என் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. இடுப்பில் லேசாக வலிப்பது போலவும் இருந்தது.

பாய் வீட்டம்மா மாமாவிடம் போய், அந்த இரண்டு தடவை போன விஷயத்தையும் சொன்னதால்தான் போயிற்று என்று நான் பயந்ததையும் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துக் கூடத்தில் மாமாவின் குரல் கேட்டது.

"ஐயா, ஒரு உதவி. உங்க காலடி மண்ணு கொஞ்சம் வேணும்."

கண் வைத்தவர்களின் காலடி மண்ணை எடுத்து, உப்பு மிளகாயோடு சுற்றி அடுப்பில் போடுவது எங்கள் வீடுகளில் பெண்கள் செய்கிற வேலை. ஆம்பிளை ஒருவர் அதற்காகக் கையேந்தி நின்று நான் பார்த்ததில்லை.

தரகர்கள் உடனே காலை நீட்டினார்கள். "எடுத்துக்கப்பு. எங்க கண்ணு மாட்டு மேலதான் படும். இருந்தாலும் எடுத்துக்க" என்றார் மூத்தவர். மழையில் மண் எங்கே இருக்கிறது, சேறுதான். மாமா ஓலைத் துண்டால் அவர்கள் குதிகாலிலிருந்து வழித்தார். பாயின் செருப்பிலிருந்து வழித்தார். இன்ஸ்பெக்டர் வண்டி நின்ற இடத்துக்குப் போய், மழையில் குனிந்து, இது அவர் நின்ற தடமா, வண்டிக்காரன் தடமா என்று பார்த்து இரண்டிலும் அள்ளிக்கொண்டார்.

குமாஸ்தா காலைத் தரவில்லை. "என் கண்ணு ஒண்ணும் கொள்ளிக்கண்ணு இல்ல" என்றார்.

"அப்பிடிச் சொல்லலை சாமி. எனக்கு இருக்கிறது ஒரு மகன். அவனுக்கு ஒண்ணு தங்கட்டும்."

"மூட நம்பிக்கை."

"இருந்துட்டுப் போகட்டும். காலை மட்டும் காட்டுங்க."

மாமா எழுந்திருக்கவில்லை. அவர் காலடியில் குந்தியபடியே இருந்தார். குமாஸ்தாவைத் தொட்டு எடுக்க அவரால் முடியாது, அந்த முறையும் அவருக்குத் தெரியும். கடைசியில் குமாஸ்தா செருப்பைக் கழற்றிக் காலாலேயே தள்ளிவிட்டார். மாமா அதன் அடியிலிருந்து வழித்துக்கொண்டு, செருப்பைத் திரும்ப அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

சேற்றை ஓட்டுத் துண்டில் வைத்து அடுப்பில் காய வைத்தார்கள். பாய் வீட்டம்மா உப்பும் மிளகாயும் சேர்த்து, அவர்கள் வழக்கப்படி வாய்க்குள் எதையோ ஓதி ஊதி, என் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டார். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடியடிக்காது என்பார்கள். அடித்தது. கூடம் வரைக்கும் போய் எல்லாரும் இருமினார்கள். குமாஸ்தாவும் இருமினார். "நெடி வருது, ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்று பாய் வீட்டம்மா கண்ணில் நீர் வழியச் சொன்னார். மாமா கொல்லை வாசலில் திரும்பி நின்றபடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகையால்தானா என்று எனக்குத் தெரியாது. எனக்கோ நம்பிக்கை வரவில்லை. ஈரச் சேறு, அதோடு எங்கள் வழக்கம் பாதி, அவர்கள் வழக்கம் பாதி. இது பலிக்குமா என்று இருந்தது.

பாதை சரியாகி ரயில் விட்டதும் கிளம்பினோம். கோயமுத்தூர் ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர், ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டதற்கு மாமா, "மழை" என்றார். அன்று சாயங்காலமே ஊருக்குத் திரும்பிவிட்டார். பழையபடி நேராக என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு பட்ட பயத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. இடுப்பு வலித்தால் குமாஸ்தா முகம் வரும். வயிறு இறுகினால் சந்தில் குடைக்குள் நின்றவர்கள் வருவார்கள். அவர்களில் ஒரு பெண் சிவப்புச் சேலையில் நின்றாளே, அவள் காலடி மண்ணை மாமா எடுத்தாரா என்று வெகு நாள் யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் இது போய்விடும் என்றே இருந்தேன். ஐந்தாம் மாதம் தாண்டியது, ஏழும் தாண்டியது. வெயில் காலத்தில் மகள் பிறந்தாள். தங்கினாள்.

பிரசவத்துக்குக் கோயமுத்தூர் வந்திருந்த அம்மா, பிள்ளையைப் பார்க்க வந்த மில் லைன் வீட்டுப் பெண்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள். "அஞ்சு மாசம் வரைக்கும் ஒருத்தர்கிட்ட மூச்சு விடலை என் மக. புருசனுக்கே தெரியாது. அதான் தங்குச்சு. உங்க பிள்ளைகளுக்கும் சொல்லி வைங்க."

பேத்தியைப் பார்க்க மாமாவும் வந்திருந்தார். வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மதுரை லாட்ஜில் நடந்ததை நாங்கள் இருவருமே அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. அம்மா சொன்னது அவர் காதில் விழுந்தது. வந்திருந்தவர்களில் ஒருத்தி மசக்கைக்காரி போலத் தெரிந்தாள். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, ஏதோ கேட்க வாயெடுத்தவள் மூடிக்கொண்டு சேலையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மாமா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தார். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.